ஒரு டீக்கு ஒரு கட்டளை

கணினி இருந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன தலைமுறை நான். நீங்களும் அந்த வயதுக்காரர் என்றால் இதைப் படிக்கும்போதே உள்ளங்கால் சில்லிட்டிருக்கும். 1992இல், திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்க, உள்ளே ஏசி ஓடும். மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூலவர் போல வீற்றிருந்த ஒரே ஒரு 486 இயந்திரத்துக்காக ஓடிய ஏசி அது, நாங்கள் அதில் குளிர்காய்ந்தது இலவசப் பிரசாதம். அதன் முதுகிலிருந்து வால்வாலாகக் கிளம்பிய கேபிள்களின் நுனியில் பன்னிரண்டு டம்ப் டெர்மினல்களும், டெர்மினலுக்கு இருவர் வீதம் நாங்களும் தொங்கிக்கொண்டிருந்தோம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, ஓரத்தில் ஒரு சதவீதக் குறி, அதன் பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு சதுரம். அவ்வளவுதான் எஸ்சிஓ யூனிக்ஸ். மவுஸ் என்றால் ஹாஸ்டல் மெஸ்ஸில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஓடுவது.

லேப் பொறுப்பு அண்ணாச்சியிடம். விரிவுரையாளர்கள் வருவார்கள், வேறு கல்லூரிக்குப் போவார்கள். ரூட் பாஸ்வேர்டு மட்டும் அண்ணாச்சியின் சட்டைப்பையை விட்டு நகராது. யூனிக்ஸில் ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கம் உள்ளேயே உண்டு. ‘மேன்’ என்று அடித்துக் கட்டளையின் பெயரைச் சொன்னால் பக்கம் பக்கமாக விரியும். எங்கள் இயந்திரத்தில் விரியாது. டிஸ்க்கில் இடம் போதாதென்று அண்ணாச்சி அந்தப் பக்கங்களை ஏற்றவே இல்லை. இடம் போதாதது நிஜமாகவும் இருக்கலாம், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அதன் பலனாக எங்களுக்கு மேன் பக்கம் அண்ணாச்சியே ஆனார். கட்டணம் ஒரு டீ. விஷயம் பெரிதென்றால் கூடவே ஓர் உளுந்த வடை.

முதல் பாடம் இலவசமாகவே கிடைத்தது. கோப்புக்கு நான் ‘மை ஃபர்ஸ்ட் ப்ரோக்ராம்’ என்று முழு நீளத்துக்குப் பெயர் வைத்து, அதை ஒவ்வொரு முறையும் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. “என்னலே, கதையா எழுதுத? தந்தி அடிக்கிற மாதிரி அடி.”

அண்ணாச்சி விளையாட்டாகச் சொன்னது சரித்திரம் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1969இல் பெல் லேபில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது அவர்கள் முன்னால் திரை இல்லை, டெலிடைப் இருந்தது. தந்தி ஆபீஸ் குடும்பத்தைச் சேர்ந்த, காகிதத்தில் தடதடவென்று அடிக்கும் இயந்திரம், விநாடிக்குப் பத்து எழுத்துதான் அதன் வேகம். அதில் ‘காப்பி’ என்று நாலெழுத்து அடிப்பதற்குள் கை அலுத்துப்போனவர்கள் அதை ‘சிபி’ ஆக்கினார்கள், ‘மூவ்’ என்பதை ‘எம்வி’, ‘ரிமூவ்’ என்பதை ‘ஆர்எம்’, ‘லிஸ்ட்’ என்பதை ‘எல்எஸ்’. இங்கே வார்த்தைக்குக் காசு என்பதால் கல்யாண வாழ்த்தையே ஒரு எண்ணாகச் சுருக்கி அனுப்பிக்கொண்டிருந்தோமே, அதே சிக்கனம். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி நின்றுபோனது. டெலிடைப் அதற்கு வெகுகாலம் முன்பே காயலான் கடைக்குப் போய்விட்டது. ஆனால் இன்றைக்கும் என் லேப்டாப்பில் ‘டிடிஒய்’ என்று அடித்தால், நான் எந்த டெலிடைப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று அது சிரிக்காமல் பதில் சொல்கிறது.

இரண்டாவது பாடத்துக்கு டீ கொடுத்தேன். டெர்மினலுக்கு எழுத்துகள் 9600 பாட் வேகத்தில் வரும், அதாவது விநாடிக்குச் சுமார் 960 எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து கொண்ட ஒரு திரை நிறைய இரண்டு விநாடி ஆகும். கேட்பதற்கு ஆமை வேகம். ஆனால் கம்பைலர் முந்நூறு பிழைகளைக் கொட்டும்போது முதல் பிழை மேலே பறந்துபோய்விடும், மேலே போனது போனதுதான், இழுத்துப் பார்க்கத் திரையோரத்தில் பட்டை கிடையாது. “கண்ட்ரோலும் எஸ்ஸும் அமுக்கு, நிக்கும். கண்ட்ரோலும் க்யூவும் அமுக்கு, ஓடும்.” டீயைக் குடித்து முடிக்கும் நேரத்துக்குள் பாடம் முடிந்தது. கரைபுரண்டு ஓடும் வெள்ளத்தை இரண்டே விரலால் நிறுத்திய அந்த மாலை என் நடையே மாறிப்போனதாக அறைத்தோழன் சொன்னான்.

மூன்றாவது, நான்காவது பாடங்கள் வடையோடு சேர்ந்தவை. இரண்டு ஆச்சரியக்குறி போட்டு என்டர் தட்டினால் முந்தின கட்டளை மறுபடி ஓடும். ஓர் ஆச்சரியக்குறியும் ஒரு டாலரும் போட்டால் முந்தின வரியின் கடைசிச் சொல் வந்து உட்காரும். நீளமான கோப்புப் பெயரை இரண்டாம் முறை அடிக்கவே வேண்டாம். பில் ஜாய் என்பவர் பெர்க்லியில் மாணவராக இருந்தபோது எழுதிய சி ஷெல்லின் குறும்புகள் இவை. பின்னாளில் என் வகுப்பில் பாதிப் பேரை அமெரிக்காவுக்கு இழுத்துக்கொண்டுபோன டாலரை நாங்கள் முதன்முதலில் சந்தித்தது இப்படித்தான், ஆச்சரியக்குறியோடு.

இதையெல்லாம் எண்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி, நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். மூன்றாம் வருஷம் வந்தபோது ஜூனியர்களிடம் அதே பாடங்களை இரண்டு டீ, ஒரு பஜ்ஜி என்ற விலைக்கு விற்றேன். நாட்டில் தாராளமயம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது, அதை நான் மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? வைத்தியர் மருந்தின் பெயரைச் சொல்லாமல் பொடியை மட்டும் மடித்துக் கொடுப்பாரே, அந்தத் தோரணையில், பையன் பார்க்காதபடி கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு வேறு அடித்துக் காட்டினேன். அந்தக் கையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மறைக்க அதில் என்ன இருந்தது, இரண்டு ஆச்சரியக்குறி!

அண்ணாச்சிக்கு அந்தக் கஞ்சத்தனம் கிடையாது. புதிதாக முதலாமாண்டுப் பிள்ளைகள் வந்தால் ஒரு வித்தை காட்டுவார், அதற்குக் கட்டணமே வாங்கமாட்டார். “கேல் 9 1752” என்று அடிக்கச் சொல்வார். 1752ஆம் வருஷம் செப்டம்பர் மாத நாட்காட்டி திரையில் வரும். அதில் 2ஆம் தேதிக்கு அடுத்து 14ஆம் தேதி இருக்கும். நடுவே 11 நாள் காணாது. பிள்ளைகள் கம்ப்யூட்டரே கெட்டுவிட்டது என்று பயந்து கையை எடுக்கும்போது, பிரிட்டன் பழைய நாட்காட்டியை விட்டுப் புதியதற்கு மாறிய மாதம் அது, அந்த 11 நாளை அரசாங்கமே விழுங்கிவிட்டது என்று சொல்லி, “அந்தப் பதினோரு நாளைக்கு எவனுக்கும் வட்டி கெடையாதுலே” என்று தானே சிரிப்பார். அது நிஜமா என்று இன்றுவரை நான் சரிபார்க்கவில்லை. அவர் சொன்ன விதத்துக்கு அது நிஜமாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

இனி, என் வாலிபத்தின் மகத்தான தோல்வியைச் சொல்லவேண்டும். ‘ஹூ’ என்று அடித்தால் எந்த டெர்மினலில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். ‘ரைட்’ என்று அடித்து அவர் பெயரைப் போட்டால் நாம் எழுதுவது அவர் திரையில் போய் விழும். வாட்ஸ்அப் பிறக்கப் பதினைந்து வருஷத்துக்கும் மேல் இருந்த காலம். செவ்வாய்க்கிழமை பேட்ச்சில் ஏழாம் டெர்மினலில் உட்காரும் ஒருவருக்கு, மூன்று வாரம் யோசித்து, ஆங்கிலத்தில் மூன்று வார்த்தை அனுப்பினேன்: வணக்கம் சொல்லி, நலமா என்று கேட்டு. அவர் அந்த நேரத்தில் விஐ எடிட்டரில் மேட்ரிக்ஸ் பெருக்கலை முக்கால்வாசி முடித்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. என் நலவிசாரணை நேரே அவருடைய இரண்டு ஃபார் லூப்களுக்கு நடுவில் போய் விழுந்து நிரலைக் கிழித்துப்போட்டது. அறையின் மறுகோடியிலிருந்து “அண்ணாச்சி!” என்று ஓர் அலறல். அண்ணாச்சி நடந்துபோய், குனிந்து பார்த்து, என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்து, கண்ட்ரோல்-எல் அமுக்கினார். திரை மறுபடி சுத்தமாக வரையப்பட்டது. நிரல் பத்திரம், என் மூன்று வார்த்தை போன சுவடில்லை. பிறகு அவருக்கு ‘மெசேஜ் என்’ என்று ஒரு கட்டளை கற்றுக்கொடுத்தார். மறுவாரம் நான் மன்னிப்புக் கேட்க எழுதியபோது இயந்திரம் அனுமதி மறுக்கப்பட்டது என்று சொல்லிவிட்டது. இன்றைக்கு ப்ளூ டிக் விழுந்ததா இல்லையா என்று பையன்கள் இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறார்கள். எங்களுக்கு அந்த அவஸ்தை இல்லை, தீர்ப்பு உடனே, எழுத்துபூர்வமாக, இயந்திரத்திடமிருந்தே வந்துவிடும்.

கடைசி வருஷம் ப்ராஜெக்ட். கம்பைலர் விட்டுச்சென்ற எச்சக் கோப்புகளை, ‘டாட் ஓ’ என்று முடிபவற்றை, மொத்தமாக அழிக்க ஆர்எம், பிறகு நட்சத்திரம், அதை ஒட்டி டாட் ஓ என்று அடிக்கவேண்டும். ஒட்டி. இரவு எட்டு மணிக்கு, லேப் மூடப்போகும் அவசரத்தில், நட்சத்திரத்துக்கும் டாட் ஓவுக்கும் இடையில் என் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரைத் தொட்டுவிட்டது. அந்த ஒரு வெற்றிடத்தின் பொருள்: இங்கே உள்ள அனைத்தையும் அழி, பிறகு டாட் ஓ என்ற கோப்பையும் அழி. இயந்திரம் அனைத்தையும் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, டாட் ஓ என்று ஒன்று இல்லையே என்று மட்டும் மரியாதையாக முறையிட்டது. யூனிக்ஸ் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்காது. பெரியமனிதர் சொன்னால் சரியாகத்தான் சொல்லியிருப்பார் என்று நம்பும் பழைய காலத்து வேலைக்காரர் அது. குப்பைத்தொட்டி என்று ஒன்று கிடையாது. நான் எல்எஸ் அடித்தேன், ஒன்றுமில்லை. மறுபடி அடித்தேன், அப்போதும் ஒன்றுமில்லை.

அன்றைக்கு அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார், எனக்கு. டீக்கடை பெஞ்சில் வைத்து அவர் சொன்ன ஒரு வரிதான் அந்த நான்கு வருஷப் படிப்பில் இன்றுவரை சம்பளம் வாங்கித் தருகிறது: “ஆர்எம் அடிக்க மின்ன அதே வரிய எல்எஸ் போட்டு அடி. எது தெரியுதோ அதான் போவும்.” அதற்கு முந்தின வாரம் எடுத்த பிரிண்ட்அவுட் ஒன்று, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில், கட்டிலுக்கு அடியில் கிடந்தது. 1,400 வரியையும் நானும் அறைத்தோழனும் நாலு இரவில் திரும்ப அடித்தோம், அடிக்கும்போதே மூன்று பிழைகளைக் கண்டுபிடித்தோம். இப்போது எதை அழித்தாலும் கிட் என்ற நிரல் காப்பகத்தில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டு கட்டளையில் மீட்டுவிடலாம். பிழைகளும் சேர்ந்தே மீண்டுவருகின்றன.

கல்லூரி முடியும் தறுவாயில் விண்டோஸ் 95 வந்தது. கறுப்புத் திரையின் காலம் முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சேர்ந்து சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. சென்னைக்கு வேலைக்கு வந்து, மவுஸைப் பிடித்துப் படங்களைத் தட்டி, அண்ணாச்சியையும் நோட்டையும் மறந்து, நாகரிக மனிதனாக வாழத் தொடங்கிய சில மாதங்களிலேயே இன்டர்நெட் ஆசை பிடித்தது. 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் இணையத்தைத் திறந்துவிட்டிருந்தது. என் பர்ஸுக்கு எட்டியது ஷெல் கணக்கு மட்டும். மோடம் பன்றிக்குட்டிபோல் கிறீச்சிட்டு முடித்ததும் திரையில் வந்து நின்றது எது தெரியுமா? அதே கறுப்பு, அதே கண் சிமிட்டும் சதுரம். பைன் என்ற நிரலில் கடிதம், லிங்க்ஸ் என்ற நிரலில் படமில்லாத வலைப்பக்கம். வீட்டுக்கார அம்மா மாடியில் போனை எடுத்தால் உலகமே அறுந்துபோகும். மறுபடி இணைந்து, எங்கே விட்டோமோ அங்கிருந்து தொடங்குவோம், பொறுமையாக, அடுத்த சீரியல் முடியும்வரை அம்மா போனை எடுக்கமாட்டார் என்ற நம்பிக்கையில்.

பிறகு பிசி க்வெஸ்ட் பத்திரிகையோடு லினக்ஸ் சிடி வந்தது. அதோடு பாஷ் ஷெல்லும். பாதிப் பெயரை அடித்து டேப் தட்டினால் மீதியைத் தானே முடித்தது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலையில்லாமல் டேப் மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். கண்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கத்துக்கும், கண்ட்ரோல்-இ முடிவுக்கும் கொண்டுபோனது. ‘சிடி’ என்ற கட்டளையை எழுதி ஒரு சிறு கோடு போட்டால், புறப்பட்ட டைரக்டரிக்கே திரும்ப அழைத்துவந்தது; ஊரைவிட்டு வந்தவனுக்கு அது வெறும் வசதியாகத் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் கண்ட்ரோல்-ஆர்: எப்போதோ அடித்த கட்டளையின் ஏதாவது ஒரு துண்டைச் சொன்னால், வந்த வழியே பின்னோக்கி நடந்து அதை எடுத்துவந்து நீட்டும். பாஷ் தானாக 500 கட்டளைகளை நினைவில் வைத்திருக்கும். நான் அதைப் பெருக்கிப் பெருக்கி, ஒவ்வொரு புதுக் கணினிக்கும் பழைய கோப்பைச் சுமந்துவந்து, இன்றைக்கு அது ஒரு தினசரிக் குறிப்பேடாகவே ஆகிவிட்டது. மகள் பிறந்த வாரத்தில் கேல் என்று எத்தனை முறை அடித்திருக்கிறேன் என்று அதில் இருக்கிறது. எல்எஸ் என்பதை எஸ்எல் என்று மாற்றி அடித்த தூக்கக் கலக்கங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. (அப்படி அடித்தால் திரை முழுக்க ஒரு நீராவி ரயில் ஓடும்படி ஜப்பானியர் ஒருவர் நிரல் எழுதியிருக்கிறார், கண்ட்ரோல்-சி போட்டாலும் நிற்காது, முழுதாகக் கடந்துதான் போகும். நிறுவிப் பாருங்கள்.) கட்டளைக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு அடித்தால் குறிப்பேட்டில் ஏறாதபடி அமைத்துக்கொள்ளலாம் என்ற பாடம் மட்டும், பாஸ்வேர்டு ஒன்றை அவசரத்தில் அடித்து அது நிரந்தரமாகப் பதிந்த பிறகுதான் கிடைத்தது. ஒரு காலத்தில் என் ப்ராஜெக்டைத் தின்ற அதே இடைவெளி, இப்போது ரகசியம் காக்கிறது.

செத்துப்போனதாக நாங்கள் அறிவித்த கறுப்புத் திரையை 2016இல் மைக்ரோசாஃப்ட்டே லினக்ஸோடு சேர்த்து விண்டோஸுக்குள் கொண்டுவந்து வைத்தது. அண்ணாச்சி இருந்திருந்தால் ஒரு வடைக்குச் சிரித்திருப்பார். இப்போது டெர்மினல் போனிலும் ஓடுகிறது. எழுத்துக்கு வானவில் நிறம், பின்னணியில் மலைக்காட்சி, இருந்தும் ஜன்னல் திறக்கும்போது பெரும்பாலும் அதே 80க்கு 24. அந்த 80கூட 1928இல் ஐபிஎம் வெட்டிய துளை அட்டையின் அகலம். இத்தனை முன்னேற்றத்திலும் பல டெர்மினல்களில் தமிழில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கிறது.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு வயது 23. ஒருநாள் அவருடைய டிஸ்க் நிறைந்துவிட்டது, பெரிய கோப்புகள் எவை என்று பார்க்கவேண்டும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, 1973இல் டக் மெக்கில்ராய் வற்புறுத்தலில் தாம்ப்சன் யூனிக்ஸில் பைப்பைச் சேர்த்த கதையிலிருந்து தொடங்கி, கோப்பின் அளவைச் சொல்லும் டியூவின் வாயிலிருந்து வரிசைப்படுத்தும் சார்ட்டின் காதுக்குக் குழாய் போடுவது எப்படி என்று விளக்கத் தொண்டையைக் கனைத்தேன். அவர் அதற்குள் ஏஐயிடம் சாதாரண ஆங்கிலத்தில் கேட்டு, வந்த வரியை ஒட்டி, விடையையும் பார்த்துவிட்டார். வரியைக் குறை கண்டுபிடிக்கும் கண்ணோடு படித்தேன். சரியாக இருந்தது. சார்ட்டுக்கு ‘எச்’ என்று ஓர் எழுத்து சேர்த்தால் எம்பி, ஜிபி எல்லாவற்றையும் புரிந்துகொண்டு தானே வரிசைப்படுத்தும் என்பது இத்தனை வருஷமும் எனக்குத் தெரியாது. நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். டீயும் நானே குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவரே வந்தார். “சார், இந்த டெர்மினல் அடிக்கடி ஹேங் ஆகுது. விண்டோவ மூடிட்டுப் புதுசு திறந்துக்கறேன். ஏஐகிட்ட கேட்டா நெட்வொர்க்கைப் பாருங்குது, மெமரியப் பாருங்குது.” போய்ப் பார்த்தேன். விம்மில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவர், மற்ற எடிட்டர்களில் சேமிக்கும் பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் அமுக்கியிருக்கிறார். டெலிடைப்பின் காகித நாடாவை நிறுத்தப் பிறந்த அந்தச் சமிக்ஞை, இன்னும் விசுவாசமாகத் திரையை நிறுத்திவைத்திருந்தது. கண்ட்ரோல்-க்யூ அமுக்கினேன். அடைபட்டிருந்த அத்தனையும் கடகடவென்று கொட்டியது, கோபத்தில் அவர் அடித்திருந்த சில ஆங்கிலச் சொற்கள் உட்பட.

“என்ன சார் பண்ணீங்க?” என்றார்.

அனிச்சையாக என் இடதுகை கீபோர்டை மறைக்கப் போனது, எடுத்துவிட்டேன். க்யூவை இன்னொரு முறை மெதுவாக அமுக்கிக் காட்டினேன்.

உங்கள் திரையும் இப்படிக் காரணமில்லாமல் உறைந்து நின்றால் கண்ட்ரோல்-க்யூ அமுக்கிப் பாருங்கள். ஓடினால், எங்காவது பார்க்கும்போது ஒரு டீ வாங்கித் தாருங்கள். வடை வேண்டாம், டாக்டர் எண்ணெயை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.